ஒரு பேண்ட், நூறு நாள்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கைப்பிடித்த நாள் முதல் தங்கள் அளவுநாடாவுக்கு அடங்கி வாழும் மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், தங்கள் தங்கை, தங்கள் மருமகள், சைக்கிள், பேண்ட் ஆகிய ஐவரும் பூரண நலம். அவ்விடம் தாங்களும் அக்காவும் இரண்டு தையல் மெஷின்களும் அவ்வாறே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேற்கொண்டு படிக்குமுன், வாயில் கவ்வியிருக்கும் குண்டூசிகளைத் தயவுசெய்து எடுத்து வைத்துவிடவும். படிக்கும்போது தாங்கள் வாய் பிளக்க நேரும், எதுவும் உள்ளே போய்விடக்கூடாது.

மேலே எழுதிய ஐவரில் கடைசி ஆளைக் கவனித்தீர்களா மச்சான்? பேண்ட்! பூரண நலம்! இன்றோடு நூறு நாள்! வேலைக்குப் போன நாட்கள் மட்டும்தான் கணக்கு. ஞாயிறு, விடுமுறை, எனக்குச் சளி பிடித்துப் படுத்த இரண்டு நாள், இதில் எதையும் நான் சேர்க்கவில்லை. சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் நானே கோடு போட்டேன், தங்கள் மருமகள் சாட்சி. இன்று சாயங்காலம் நூறாவது கோட்டைப் போட்டபோது அவசரத்தில் அது கோடாக வராமல் மின்னலாக வந்துவிட்டது. கை கால் கூடக் கழுவாமல் நேராகப் பேப்பரை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்குச் சந்தோஷம்தான் காரணம், மன்னிக்கவும்.

தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. போன வருஷம் தாங்கள் இங்கே வந்திருந்தபோது, உங்க தங்கச்சி கூடத்து சோபாவில் நாலு பேண்ட்டை வரிசையாகக் கிடத்தி, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் சைக்கிளில் ஆபீசுக்குப் போக ஆரம்பித்து நாலே மாசத்தில் நாலு சாவு. காக்கியோட வலது காலைச் செயின் மென்று தின்றிருந்தது. நீலம், உட்காருகிற இடத்தில் தேய்ந்து தேய்ந்து, பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் ஜன்னல் தெரிந்தது. கறுப்புக்கு மழையில் முதுகு வரைக்கும் சேறு அடித்து, அதைப் போக்க நான் பிரஷ் போட்டுத் தேய்த்ததில் சேறும் போச்சு, துணியும் போச்சு. நாலாவது, தாங்கள் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஆசையாகத் தைத்துக் கொடுத்த பழுப்பு, சீட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் மாட்டி, ஆபீஸ் வாசலில் நான் இறங்கிவிட்டேன், பேண்ட் இறங்கவில்லை. தாங்கள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, நீங்க ஓட்டுறது சைக்கிளா, மாவு அரைக்கிற மெஷினா?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

உங்க தங்கச்சி அன்னிக்கு ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிட்டா. "இன்னும் ஒரு பேண்ட் கிழியட்டும், அந்த சைக்கிள் இந்த வீட்டுல இருக்காது. ஆறு வருஷம் கார்ல போனீங்கல்ல, அப்படியே போங்க." தாங்கள்தான் நடுவில் புகுந்து ஒரு ஒப்பந்தம் போட்டீர்கள். சாம்பல் நிறத்தில் கெட்டித்துணியில் ஒரே ஒரு பேண்ட் தைத்து அனுப்புவீர்கள். அது நூறு வேலைநாள் தாங்கிவிட்டால் சைக்கிளைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. தாங்காவிட்டால், நூற்றிருபது கிலோமீட்டர் வந்து சைக்கிளைத் தாங்களே எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள், நான் மறுபடியும் எங்கள் தலைமை எழுத்தர் காரில் ஏறவேண்டியது.

அந்தக் காரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது மச்சான். தலைமை எழுத்தருக்கு ஆபீசில் முழங்கால் என்று பேர். கண்ணாடி நாலையும் ஏத்தி விட்டுட்டு, போகும்போது இடது முழங்கால் வலியைப் பத்திப் பேசுவார், வரும்போது வலது. நடுவில் நான் ஒம்பது மணி நேரம் எங்கே இருக்கேன்னு நினைக்கிறீங்க? ஆவண அறையில், அடித்தளத்தில், ஜன்னலே கிடையாது. வெளியில் மழையா வெயிலான்னு மேலேயிருந்து ஃபைல் கேட்டு வர்றவங்க கையில் குடை இருக்கான்னு பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவேன். சைக்கிளில் காலையில் முப்பத்தஞ்சு நிமிஷம், சாயங்காலம் முப்பத்தஞ்சு நிமிஷம், அவ்வளவுதான் எனக்குன்னு இருக்கிற நேரம். வழியில ஒரு பாலம், அந்த இறக்கத்தில் பெடலை மிதிக்காம சும்மா விட்டுட்டு, காத்து சட்டைக்குள்ள பூந்து உப்ப, இறங்குறேன் பாருங்க, அப்போ எனக்கு என் வயசே மறந்துபோகுது. பாட்டுகூட வருது, அதுவும் வாயைத் திறந்து. இதை எழுத வெட்கமா இருக்கு, ஆனா அது போயிடுச்சுன்னா நான் என்ன ஆவேன்னு நிஜமாவே பயந்தேன். அதனாலதான் அந்தச் சாம்பல் பேண்ட் பார்சலில் வந்து இறங்கின அன்னிக்கே நான் போருக்குப் போறவன் மாதிரி தயாராயிட்டேன்.

முதல் எதிரி செயின். வலது காலைச் சாக்ஸுக்குள்ள சொருகிப் பார்த்தேன், பாதி வழியில் வெளியே வந்து செயினைத் தேடிப் போகுது. கணுக்காலில் ரப்பர் வளையம் போட்டேன், கால் மரத்துப் போய் ஆபீஸ் படியில் நொண்டினேன், முழங்கால் சார் என்னைப் பார்த்து, "உங்களுக்கும் வந்துடுச்சா?"ன்னு கண் கலங்கிட்டார். அப்புறம் உங்க மருமக தலைக்கு மாட்டுற கிளிப் ஒண்ணு எடுத்துக்கிட்டேன், சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமா பிடிச்சுது. அதில் ரோஸ் கலரில் ஒரு வண்ணத்துப்பூச்சி இருந்ததும், நான் அதைக் கழட்ட மறந்து ஒரு நாள் முழுக்க அதோட உட்கார்ந்திருந்ததும் வேற விஷயம். கடைசியில் சைக்கிள் ரிப்பேர்காரர்கிட்ட போய் முழுசா மூடுற செயின் கவர் போடச் சொன்னேன். அவர், "சார், இது பாட்டுக்கு அழகா இருக்கிற வண்டி, இதுக்குப் போய் தகர டப்பா மாட்டச் சொல்றீங்களே"ன்னு வருத்தப்பட்டார். நான், "அண்ணே, வண்டி அழகா இருந்து நான் கார்ல போறதுக்குப் பதிலா, வண்டி அசிங்கமா இருந்து நான் அதுமேல போறேன்"னு சொல்லிட்டேன். சக்கரத்துக்கு நீளமான மட்கார்டு, அதுக்குக் கீழே பழைய செருப்பு ரப்பரை வெட்டி ஒரு மடல், தோள்ல மாட்டுற பை சட்டைக் காலரை அறுக்குதுன்னு பையைப் பின்னாடி கேரியருக்கு மாத்தினது, எல்லாம் அந்த வாரத்திலேயே. அப்படியும் இருபத்திரெண்டாம் நாள் அந்தத் தகர டப்பாவோட ஆணி ஒண்ணு கழண்டு, கவர் சாய்ஞ்சு, செயின் ஒரே கவ்வு! வீட்டுக்கு வந்து பார்த்தா கால் மடிப்பில் நாலு பல் பதிஞ்ச மாதிரி ஓட்டை, சுத்தி கறுப்பு கிரீஸ். உங்க தங்கச்சி திட்டலை, "கொடுங்க, துவைச்சுப் பார்க்கிறேன்"னு வாங்கிட்டுப் போனா. மறுநாள் காலையில் பாருங்க மச்சான், ஓட்டையும் இல்லை, கிரீஸும் இல்லை! பாத்திரம் விளக்குற சோப்பை வெச்சு ராத்திரியே தேய்ச்சேன்னா. கிரீஸுக்குச் சோப்பு சரி, ஓட்டைக்கு எப்படின்னு கேட்டேன். அது ஓட்டை இல்லை, கிரீஸ்தான் ஓட்டை மாதிரி தெரிஞ்சிருக்குன்னா. உங்க துணியோட தரம் அப்படி!

அடுத்த எதிரி சீட்டு. இதுதான் பெரிய எதிரி, ஏன்னா செயின் எப்பவாவது கடிக்கும், சீட்டு எப்பவும் தேய்க்கும். பழைய குடைத் துணியில் உறை தைச்சுப் போட்டேன், வழவழன்னு இருந்துது, முதல் பிரேக்கிலேயே வழுக்கி ஹேண்டில்பாருக்கு வந்துட்டேன். துண்டைக் கட்டினேன், அது பாதி வழியில் கழண்டு பின்னால வந்த பஸ் கண்ணாடியில் ஒட்டி, அந்த டிரைவர் என்னைப் பேசின பேச்சை உங்களுக்கு எழுத முடியாது. ரெண்டு நாள் யோசிச்சேன். மூணாம் நாள் கொல்லைப்புறத்தில் உங்க தங்கச்சி துணி காயப்போட்டுட்டு இருக்கா, எல்லாத்தையும் உள்பக்கம் வெளியே தெரியிற மாதிரி திருப்பிப் போட்டிருக்கா. ஏன்னு கேட்டேன். "வெயில்ல நிறம் போகாம இருக்கத்தான், இதுகூடத் தெரியாதா?"ன்னா. மச்சான்! எனக்கு அப்படியே உச்சந்தலையில் ஒரு விளக்கு எரிஞ்சுது! வெயில் உள்பக்கத்தைப் பார்க்கட்டும்னா, சீட்டும் உள்பக்கத்தையே பார்க்கட்டுமே! ரோட்டுக்கு உள்பக்கம், ஆபீசுக்கு வெளிப்பக்கம்! ஒரே துணியில் ரெண்டு பேண்ட்! சாமியாடாத குறையா குதிச்சேன்.

மறுநாளே பேண்ட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டு கிளம்பினேன். ரெண்டு பக்கமும் பாக்கெட் பை வெள்ளையா தொங்கிக்கிட்டு காத்துல படபடன்னு அடிக்குது, முயல் காது மாதிரி. தையல் எல்லாம் வெளியே. இடுப்புப் பட்டியில் நீங்க சிவப்பு நூலில் போட்டிருந்த சின்னப் பெருக்கல் குறிகூட வெளியே. ஜிப்பை மேலேயிருந்து இழுக்க வழியில்லை, உள்ளே கையை விட்டுத்தான் ஏத்தணும், அதை வீட்டுக்குள்ளேயே முடிச்சுட்டுத்தான் கிளம்பணும்னு முதல் நாளே புத்திக்கு ஏறிடுச்சு. நாலு ரோடு கூடுற இடத்தில் போக்குவரத்து போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், பேண்ட்டைத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

"தெரியும் சார்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான் சார். ஆபீஸ் போனதும் நேராக்கிடுவேன்."

அவர் என்னை மேலேயிருந்து கீழே பார்த்தார், கீழேயிருந்து மேலே பார்த்தார். "போங்க சார், போங்க, பார்த்துப் போங்க"ன்னு மத்த வண்டியெல்லாம் நிறுத்திட்டு எனக்கு மட்டும் வழி விட்டார். அன்னியிலேருந்து எனக்கு அந்த இடத்தில் காத்திருக்கிற வேலையே இல்லை. வீட்டுலதான் கொஞ்சம் கஷ்டம். உங்க மருமக, "அப்பா, நம்ம தெரு முனை தாண்டினப்புறம் நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது"ன்னு கண்டிப்பா சொல்லிட்டா. உங்க தங்கச்சி முந்தானையை வாயில் அடைச்சுக்கிட்டு உள்ளே போயிட்டா. நான் கோவம்னு நினைச்சேன்.

இப்போ நாப்பத்தேழாம் நாளுக்கு வர்றேன். இதை உட்கார்ந்து படிங்க. ஆவண அறையில் கடைசி ரெண்டு அலமாரிக்கு நடுவில் ஒரு சந்து, அங்கதான் தினம் நான் பேண்ட்டை நேராக்குவேன். யாரும் வரமாட்டாங்க, ஒம்பதரைக்கு முன்னாடி அங்க தூசிக்குக்கூட வேலை இல்லை. அன்னிக்குப் பார்த்து மேலதிகாரி அம்மா பத்தரைக்கு வரவேண்டிய ஆய்வுக்கு ஒம்பது மணிக்கே வந்து நிக்கிறாங்க, பின்னாலேயே முழங்கால். என் நிலைமை? பேண்ட் கையில். பாதி திரும்பியிருக்கு, பாதி திரும்பலை. சத்தம் கேட்டு உறைஞ்சு நிக்கிறேன். "பதினேழாம் நம்பர் பெட்டி எங்கே?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. என் நல்ல நேரம், பெட்டி என் பக்கத்திலேயே இருந்துது. அலமாரிக்கு மேலே கையை மட்டும் நீட்டி எடுத்துக் கொடுத்தேன். அடுத்து முப்பத்திரெண்டு. அதையும் கொடுத்தேன். "நீங்க வெளியில வரமாட்டீங்களா?"ன்னாங்க. "இதோ வந்துட்டேன் மேடம்"னு அவசர அவசரமா காலை நுழைச்சு, பட்டனைப் போட்டு, வெளியே வந்து வணக்கம் வெச்சேன். முழங்கால் முகத்தில் ஈயாடலை. அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். ரெண்டு முயல் காதும் வெளியே!

மானம் கப்பலேறிடுச்சுன்னு நினைச்சீங்கதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்தம்மா ரொம்ப நிதானமா, "இது என்ன?"ன்னு கேட்டாங்க. சரி, வேலையே போனாலும் பரவாயில்லைன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன் மச்சான். செயின், சீட்டு, சேறு, தோள்பைப் பட்டை, சோபாவில் கிடந்த நாலு பேரு, உங்களோட ஒப்பந்தம், எல்லாம், ஒரே மூச்சில். அவங்க குனிஞ்சு இடுப்புப் பட்டியைப் பார்த்துட்டு, "இந்த ரெண்டு சிவப்புக் குறி எதுக்கு?"ன்னாங்க. "அது என் மச்சானோட கையெழுத்து மேடம், பெரிய தையல்காரர்"னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஒண்ணுதான் இருக்குன்னு அதுவரைக்கும் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன், சரியா எண்ணலை போல. அவங்க நிமிர்ந்து, "நானும் காலேஜ் வரைக்கும் சைக்கிள்தான். எனக்கும் பாவாடை ஓரம் எப்பவும் கிரீஸ்தான்"னு சொல்லிட்டு, சிரிச்சாங்க பாருங்க, எங்க ஆபீஸில் யாரும் அதுவரைக்கும் அந்தச் சிரிப்பைப் பார்த்தது கிடையாது. மறுவாரம் எழுத்து மூலமா உத்தரவே வந்துடுச்சு: ஆவண அறையின் கடைசி இரு அலமாரிகளுக்கு இடையில், பணியாளர் உடை மாற்றும் பொருட்டு, ஒரு திரையும் ஒரு ஆணியும் அமைக்கப்பட வேண்டும். கையெழுத்துப் போட்டது யாரு? முழங்கால்! அந்த உத்தரவை நானே என் கையால் ஃபைல் பண்ணி, நானே நம்பர் போட்டு, நானே அலமாரியில் வெச்சேன். இப்போ கணக்குப் பிரிவிலிருந்து ரெண்டு பேரும் தபால் பிரிவு அம்மாவும் சைக்கிளில் வர ஆரம்பிச்சிருக்காங்க. எல்லாருக்கும் நான்தான் ஆலோசனை. சட்டையைப் போட்டுக்கிட்டு மிதிக்காதீங்க, பனியனோட வாங்க, சட்டையை மடிக்காம சுருட்டிப் பையில் வைங்க, வேர்வையோட அக்குளைக் கசக்கித் துவைக்காதீங்க, முதல்ல வெறும் தண்ணியில் அலசி விடுங்கன்னு வாய் ஓயாம சொல்லிக்கிட்டு இருக்கேன்.

இவ்வளவு சொல்லிட்டு அறுபத்தெட்டாம் நாளைச் சொல்லாம விட்டா அது பொய். அன்னிக்கு மழை. பாலத்துக் கைப்பிடிக் கம்பியோரமா வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தேன், கம்பியில் பேண்ட் உரசி, "டர்ர்ர்"! என் காதால கேட்டேன் மச்சான். கையை விட்டுப் பார்த்தா மூணு விரல் உள்ளே போகுது. மழையில் நின்னுக்கிட்டு அழுதேன், மழையில யாருக்குத் தெரியப்போகுது. வீடு வரைக்கும் மிதிக்கவே மனசு வரலை, தள்ளிக்கிட்டே வந்தேன், இனிமே இந்த வண்டியைத் தள்ளத்தான் போறோம்னு. உங்க தங்கச்சி வாசலிலேயே நின்னா. "நனைஞ்சிருக்கு, கழட்டிக் கொடுங்க முதல்ல"ன்னு வாங்கிக்கிட்டா. நான் கட்டிலில் போய் குப்புறப் படுத்துட்டேன். விடிஞ்சு எழுந்தா, நாற்காலியில் இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சிருக்கு. பிரிச்சுப் பார்க்கிறேன், புரட்டிப் பார்க்கிறேன், வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்க்கிறேன், கிழிசலே இல்லை! "ஈரத்துல தையல் இளகியிருக்கும், காய்ஞ்சதும் சேர்ந்திருக்கும்"னா. கெட்டித்துணியில் அப்படி ஒரு குணம் உண்டுன்னு நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே! தொண்ணூத்தொண்ணாம் நாளும் இப்படித்தான், உட்காருற இடம் சல்லடையா போச்சுன்னு நினைச்சேன், உங்க தங்கச்சி பச்சைத் தண்ணியில் அலசி நிழலில் காயப்போட்டதும் நூல் மறுபடியும் பருத்து, புதுசு மாதிரி ஆயிடுச்சு. நான் இதைத் தபால் பிரிவு அம்மாகிட்ட சொன்னேன், அவங்க ஒரு மாதிரி பார்த்தாங்க. பார்க்கட்டும். அனுபவிச்சவனுக்குத்தானே தெரியும்.

ஆகவே மச்சான், இன்று காலை நூறாவது நாள் என்பதால் பேண்ட்டை நேராகவே போட்டுக்கொண்டு போனேன். போலீஸ்காரர் பதறிப்போய், "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பாலத்து இறக்கத்தில் பாடினேன், இரண்டு தடவை. பக்கத்தில் முழங்கால் கார் வந்தது, கண்ணாடியை இறக்கி அவர் கையை ஆட்டினார், ஆறு வருஷத்தில் அந்தக் கண்ணாடி இறங்கி நான் பார்த்ததில்லை. தாங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். மாப்பிள்ளை ஜெயித்தார், சைக்கிள் மாப்பிள்ளையுடையது, பேண்ட்டைக் காப்பாற்றியது மாப்பிள்ளையின் மூளை என்று ஒரு தாளில் எழுதி அனுப்பவும், சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டவேண்டும். தங்கள் வாடிக்கையாளர்களுக்கும் என் முறைகளைத் தாராளமாகச் சொல்லலாம். அதனால் தங்கள் தொழில் படுத்துவிடுமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது, ஆனால் உண்மையை மறைக்கக்கூடாது அல்லவா?

அக்காவுக்கு என் பணிவான வணக்கம். தங்கள் கத்திரிக்கோல் என்றும் மழுங்காமல், ஊசி என்றும் முறியாமல், அளந்த அளவு என்றும் பிசகாமல் தாங்கள் நீடு வாழ வேண்டுமென்று உளமார வேண்டும்,

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
ஒரே பேண்ட்காரன்.

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதினது ஒண்ணையும் நம்பாதீங்க. கடிதத்துக்கு உறை தேடி அலமாரி மேல்தட்டில் கையை விட்டேன். போர்வைக்குப் பின்னாடி உங்க கடைப் பை இருந்துது. உள்ளே மூணு சாம்பல் பேண்ட். ஒண்ணோட கால் மடிப்பில் நாலு பல் ஓட்டை. ஒண்ணு தொடையில் மூணு விரல் கிழிசல். ஒண்ணு உட்காருற இடத்தில் சல்லடை. திருப்பிப் பார்த்தேன். இடுப்புப் பட்டியில் முதலாவதுக்கு ஒரு சிவப்புக் குறி, அடுத்ததுக்கு ரெண்டு, அடுத்ததுக்கு மூணு. நான் போட்டிருக்கிறதை அங்கேயே கழட்டித் திருப்பினேன். நாலு. நூறு நாளில் பாதி நாள் அதை வெளியே காட்டிக்கிட்டே ஊரைச் சுத்தியிருக்கேன். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நம்பர் போட்டுப் பிழைக்கிறவன், நாலு வரைக்கும் எண்ணத் தெரியலை.

பைக்குள்ளே நீங்க உங்க தங்கச்சிக்கு எழுதின துண்டுச்சீட்டும் இருந்துது. "இது நாலாவது. தீர்ந்தா சொல்லு, துணி இன்னும் இருக்கு. அவர் பாடிக்கிட்டே வீட்டுக்குள்ள வர்றார்னு எழுதியிருந்தியே, அது நிக்கக்கூடாது."

சீட்டைக் கையில் வெச்சுக்கிட்டு, பேண்ட் இல்லாம, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துட்டேன். உங்க தங்கச்சி வந்து பார்த்தா. மூணு பேண்ட்டையும் மடிச்சுப் பைக்குள்ள வெச்சா. அப்புறம், "ஆறு வருஷம் கார்ல வந்து இறங்கி, ஒரு வார்த்தை பேசாம சாப்பிட்டுட்டுப் படுத்துப்பீங்க. சைக்கிள் வந்தப்புறம்தான் வாசல்ல உங்க குரலே கேட்டுது. கோவத்துல ஏதோ சொல்லிட்டேன், சொன்னதைத் திருப்பி எடுத்துக்க வெட்கமா இருந்துது, அதான் அண்ணனுக்கு எழுதினேன். பேண்ட் போனா போகுது"ன்னா. சொல்லிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தா. மச்சான், இருபத்திநாலு வருஷமா இந்தம்மா கூட இருக்கேன், எண்ணத் தெரியாதது எனக்கு அந்தக் குறியை மட்டும் இல்லை.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நான் தோத்துட்டேன், இருபத்திரெண்டாம் நாளே தோத்துட்டேன். சைக்கிள் இனிமே உங்களோடது. நீங்க வரவேண்டாம், அடுத்த விடுமுறைக்கு நானே நூத்திருபது கிலோமீட்டரும் ஓட்டிக்கிட்டு வந்து உங்க கையில் ஒப்படைக்கிறேன். வந்து சேரும்போது கட்டாயம் தேவைப்படும், அதனால அஞ்சு குறி போட்டு ஒரு பேண்ட் தைச்சு வைங்க. அப்படியே, நான் வீடு திரும்பறதுக்கு ஒரு சைக்கிளும் கொடுத்து விடுங்க.